நோட்ஸ் யார் கையில் இருக்க வேண்டும்? மண்டபத்து மதினிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் மகளை இனி வீட்டிலேயே வைத்துப் படிப்பிப்பது என்று நீங்களும் அண்ணனும் முடிவெடுத்த பின், ஏழாம் வகுப்பு வயதுப் பிள்ளைக்குத் தமிழ் இலக்கியத்துக்கும் ஆங்கிலக் கதைப் புத்தகங்களுக்கும் எந்த நோட்ஸ் வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் முடிவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. உறவினர்கள் அதை வேண்டிய மட்டும் பேசிவிட்டார்கள். நடுநிலை வகுப்புகளுக்குப் பல ஆண்டுகள் தமிழ் நடத்தியவள் என்ற முறையில் துணைநூலைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுதுகிறேன். இதே கேள்வியை வேறு சில பெற்றோரும் கேட்பதால், கடிதத்தைப் பலரும் படிக்கும்படி வைத்திருக்கிறேன். உங்களுக்கு அதில் வருத்தம் இராது என்று நம்புகிறேன்.

இராமநாதபுரம் கடைவீதியில் கிடைக்கும் தமிழ் நோட்ஸ்கள் அநேகமாக எல்லாமே அரசுப் பாடநூலின் இயல் வரிசையைப் பின்பற்றி, மதிப்பீட்டுப் பகுதியில் உள்ள குறுவினா, சிறுவினா, நெடுவினாக்களுக்கு விடை தருவதற்காகவே எழுதப்பட்டவை. அவற்றை நான் இழிவாகப் பேச மாட்டேன். திருச்சிக் கல்லூரியொன்றில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த ஐயம்பெருமாள் கோனாரின் பெயரில் பழனியப்பா பிரதர்ஸ் வெளியிட்டுவரும் உரை, வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லாத எத்தனையோ பிள்ளைகளுக்குச் செய்யுளின் பொருளைச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. ஆனால் இந்த வகை நூல்கள் யாவும், பள்ளியில் ஓர் ஆசிரியர் பாடத்தை ஏற்கெனவே நடத்தி முடித்துவிட்டார் என்று வைத்துக்கொண்டுதான் தொடங்குகின்றன. உங்கள் வீட்டில் அந்த ஆசிரியர் நீங்கள். நீங்கள் நடத்துவதற்கு முன்பே விடை அவள் கைக்குப் போய்விட்டால், பாட்டைப் படிக்காமலேயே அதைப் பற்றிப் பத்து வரி எழுதும் திறமை அவளுக்கு வந்துவிடும். அந்தத் திறமையை வளர்ப்பதற்குப் பள்ளியே போதும். அதற்காக வீட்டில் உட்கார்ந்து சிரமப்பட வேண்டியதில்லை.

ஆகவே என் கருத்து இதுதான்: மூலநூல் அவள் கையிலும் துணைநூல் உங்கள் கையிலும் இருக்க வேண்டும். அப்படி முடிவு செய்துகொண்டால், பிள்ளைக்கு எளிதாக இருக்கிறதா என்ற கேள்வி விலகி, அவளிடம் கேட்க எனக்கு நல்ல கேள்வி ஒன்றாவது இதில் கிடைக்கிறதா என்ற கேள்வி முன்னுக்கு வரும். இரண்டும் வெவ்வேறு நூல்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். நற்றிணையின் 172ஆம் பாட்டு நெய்தல் திணையைச் சேர்ந்தது. சிறுமிகள் விளையாட்டாக வெண்மணலில் அழுத்திவிட்டு மறந்துபோன புன்னை விதை முளைத்துவிடுகிறது; நெய் கலந்த பாலை ஊற்றி வளர்க்கிறார்கள்; அது உங்களைவிடச் சிறந்தது, உங்கள் தங்கை என்று தாய் சொல்லிவிடுகிறாள். இப்போது அந்த மரத்தடிக்கு வந்து நிற்கும் தலைவனிடம், இதன் கீழே உன்னோடு சிரித்துப் பேச எங்களுக்கு நாணமாக இருக்கிறது, நீ விரும்பினால் வேறு நிழலும் இங்கே இருக்கத்தான் செய்கிறது என்கிறாள் தோழி. கையில் எடுக்கும் எந்த உரையானாலும், இது போல உங்களுக்கு முன்பே தெரிந்த ஒரு பாட்டைத் திறந்து, அந்த உரை முதலில் என்ன செய்கிறது என்று பாருங்கள். திணை, துறை, அருஞ்சொற்பொருள் ஆகியவற்றைத் தந்துவிட்டு, பழந்தமிழர் இயற்கையின்மீது கொண்ட அன்பை இப்பாடல் காட்டுகிறது என்று முடித்துவிட்டால், அந்த நூலை வைத்துவிடலாம். சொன்னது பொய்யில்லை; ஆனால் அந்த ஒரு வரியோடு பாட்டின் கதவு சாத்தப்பட்டுவிடுகிறது. தோழி அந்த இடத்தில் என்ன காரியம் செய்துகொண்டிருக்கிறாள் என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

வேறு நிழலும் உண்டு என்று அவள் சொல்வது வேறிடத்துக்கு வரச் சொல்வதா, இப்படி ஒளிந்து சந்திப்பதை விட்டுவிட்டு மணம் பேச வா என்று நெருக்குவதா? பாட்டின் பழைய துறைக்குறிப்பே தோழி வரைவு கடாயது, அதாவது மணம் பேச வா என்று தூண்டியது என்று சொல்லிவிட்டு, குறிபெயர்த்தீடும் ஆம், அதாவது சந்திக்கும் இடத்தை மாற்றியதாகவும் கொள்ளலாம் என்று இரண்டாவது விளக்கத்துக்கும் இடம் விட்டிருக்கிறது. நம் முன்னோர் இரண்டு விடைக்கும் இடம் வைத்த கேள்விக்கு ஒரே விடையைத் தடித்த எழுத்தில் அச்சிடும் நூலுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? இந்தக் கேள்வியை மகளிடம் கேட்டுவிட்டு, எந்த வரியை வைத்து அப்படிச் சொல்கிறாய் என்று மட்டும் மறுபடி கேளுங்கள். இலக்கியக் கல்வியில் பன்னிரண்டு வயதுக்கு அதைவிடப் பெரிய பயிற்சி எனக்குத் தெரியவில்லை. அதே பாட்டில் வலம்புரிச் சங்கின் ஒலி பாணரின் இசைக்கு ஒப்பாக வருகிறது. சங்கு குளித்தலுக்குப் பேர்போன கடற்கரையில் வளரும் பிள்ளை அவள், அந்த இடத்தில் எந்த உரையாசிரியரும் அவளுக்குத் தேவைப்பட மாட்டார்.

உங்களுக்கென்று ஓர் உரையைப் படித்துப் பழக வேண்டுமானால், உ. வே. சாமிநாதையர் 1937இல் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பைப் பாருங்கள். பதவுரை, முடிபு, கருத்து, விசேடவுரை, ஒப்புமைப் பகுதி என்று தனித்தனியாகப் பிரித்திருப்பதால், பாட்டில் உள்ளது எது, உரைகாரர் சேர்ப்பது எது என்பது கண்ணுக்குத் தெரியும். நடை சற்றுப் பழையது, பிள்ளைக்கு ஏற்றதல்ல. உங்களுக்கு இரண்டு வாரத்தில் பழகிவிடும். சங்க நூல்களும் உரைகள் பலவும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. திருக்குறளுக்கு மு. வரதராசனாரின் தெளிவுரை போதும், ஆனால் குறளுக்குப் பொருளை அவள் தன் வாயால் சொன்ன பிறகே அதைத் திறக்க வேண்டும்.

அரசுப் பாடநூலையும் ஒதுக்கிவிடாதீர்கள். வீட்டுக்கல்வியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர் பலர் அதன்மேல் கோபத்தோடு இருக்கிறார்கள், அது தேவையில்லாத கோபம். நூலையும் ஆசிரியரையும் அறிமுகப்படுத்தும் அதன் நூல்வெளிக் குறிப்பும் சிந்தனை வினாவும் பல நோட்ஸ்களைவிட மேலானவை. சொல்லப்போனால் அந்தச் சிந்தனை வினாவுக்கும் விடை அச்சிட்டு விற்பதுதான் நோட்ஸ்களின் பெரிய குறை.

நம் பக்கத்து நூல் ஒன்றையும் இந்த ஆண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். கீழக்கரைச் சீதக்காதி வள்ளலின் ஆதரவோடு உமறுப்புலவர் பாடத் தொடங்கிய சீறாப்புராணம் மூன்று காண்டங்களும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களும் கொண்டது. முழுவதையும் படிக்க வேண்டியதில்லை, நாட்டுப் படலத்திலிருந்து சில பாடல்கள் போதும். இதற்கு உரை தேர்ந்தெடுக்கும்போது அரபுச் சொற்களுக்கும் பெயர்களுக்கும் தெளிவான குறிப்பு இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள், அது இல்லாவிட்டால் நீங்களே தடுமாறுவீர்கள். பிறகு, மணல்வெளியான அரபு நாட்டில் ஆறும் வயலும் நெல்லும் எப்படி வந்தன என்று அந்த உரை ஒரு வரியாவது பேசுகிறதா என்று பாருங்கள். பேசாவிட்டாலும் பரவாயில்லை, நீங்கள் கேளுங்கள். கம்பன் தன் இராமாயணத்தில் ஆறும் வயலுமாக வர்ணிக்கும் கோசல நாட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் அவளே கண்டுபிடிப்பாள்.

ஆங்கில நாவல்களுக்கான கைடுகள் வேறு இனம். 1958இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் கிளிஃப்டன் ஹில்லகாஸ் தொடங்கிய கிளிஃப்ஸ்நோட்ஸும் அதன்பின் இணையத்தில் வந்த ஸ்பார்க்நோட்ஸும் பெரிய மாணவர்களுக்கான கதைச்சுருக்கமும் அலசலும். நாவலைப் படித்து முடிக்கும்வரை அவளுக்கு அவை கண்ணில் படாமல் இருப்பது நல்லது. நடுநிலைப் பிள்ளைகளுக்கென்று வருபவை அத்தியாயத்துக்கு அத்தியாயம் சொற்பட்டியல், கோடிட்ட இடங்கள், நினைவுக் கேள்விகள் என்று நிறைந்திருக்கும். முப்பது பிள்ளைகளில் யார் படித்துவந்தார்கள், யார் படிக்கவில்லை என்று ஓர் ஆசிரியர் கண்டுபிடிப்பதற்கான ஏற்பாடு அது. ஒரே பிள்ளை, அதுவும் உங்கள் எதிரில் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைக்கு அந்தச் சோதனை எதற்கு? ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் பக்கம் பக்கமாக எழுத வைத்தால், நல்ல நாவலும் அவளுக்கு வெறுத்துப்போகும். அந்தப் பகுதிகளை அடித்துவிட்டு, ஒரு பாத்திரம் ஏன் அப்படி நடந்துகொண்டது என்று கேட்கும் கேள்விகளில் ஒன்றிரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க வீட்டுக்கல்விக் குடும்பங்களுக்காக வெளிவருபவற்றில் புரொஜெனி பிரஸ் போன்றவை கிறித்தவப் பார்வையில் எழுதப்படுபவை, அதை அவர்களே வெளிப்படையாகச் சொல்கிறார்கள். அதில் தவறொன்றும் இல்லை, தெரிந்து வாங்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். எப்படியானாலும் வாங்குமுன் மாதிரிப் பக்கங்களைப் பார்த்துவிடுங்கள். சில நாவல்களுக்குக் கைடே வேண்டாம்; அவள் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருக்கவும் உரிமை வேண்டும்.

தேர்வைப் பற்றி அண்ணன் கவலைப்படுவது தெரியும். அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை எழுதுவதானால், மாநிலப் பாடநூலும் அதற்கான நோட்ஸும் அந்த ஆண்டு மட்டும் வேண்டும், அப்போது அவள் கையிலேயே கொடுத்துவிடலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புக்கு நேரே போவதானால் 14 வயது நிறைந்திருக்க வேண்டும். அவர்கள் தங்கள் பாடநூல்களைத் தனியாகத் தருவதால், கடைவீதி நோட்ஸ் அதற்குப் பொருந்தாது. எந்த வழி என்பதை நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்யும்வரை தேர்வுக்கான நோட்ஸ் எதையும் வாங்க வேண்டாம்.

ஆங்கில நாவல்களில் எவற்றைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள் என்று பட்டியலை அனுப்புங்கள், மதினி. அவற்றில் எதற்குக் கைடு வேண்டும், எதற்கு வேண்டாம் என்று குறித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்