மெட்டுச் சாலைகளிலும் குரங்கணி மலைப்பாதையிலும் செய்ய வேண்டிய பணிகள் குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்
சைக்கிள் ஓட்டுவோர், மலையேறுவோர்,
போடிநாயக்கனூர், தேவாரம், கம்பம் வட்டாரம்,
தேனி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், தேனி.

பொருள்: போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி மலைச்சாலைகளிலும் குரங்கணி – டாப் ஸ்டேஷன் நடைபாதையிலும் வடகிழக்குப் பருவமழைக்கும் தீக்காலத்துக்கும் முன்பாகப் பாதுகாப்புப் பணிகள் செய்து தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா, வணக்கம்.

மலையைத் தாண்டும் வாயிலை நம் மாவட்டத்தில் மெட்டு என்போம். ஏலத்தோட்டத் தொழிலாளர்களின் ஜீப், சரக்கு லாரி, சபரிமலைக்குப் போகும் பேருந்து எல்லாம் இந்த மெட்டுகள் வழியாகத்தான் ஏறி இறங்குகின்றன. அதே சாலையில் சைக்கிளில் ஏறுவோரும், மாலை போட்டு நடந்து போவோரும் இருக்கிறோம். சாலையை அகலப்படுத்தித் தாருங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. மலையை இன்னும் வெட்டினால் மண் இன்னும் சரியும். இருக்கிற சாலையின் இடது ஓரத்து ஒரு மீட்டரைச் சரி செய்து தாருங்கள் என்பதே எங்கள் முதல் கோரிக்கை.

முந்தல் சோதனைச் சாவடியிலிருந்து போடிமெட்டு வரை சுமார் 20 கி.மீ. தூரம், 17 கொண்டை ஊசி வளைவுகள், ஏறக்குறைய 1,000 மீட்டர் ஏற்றம். அதாவது 100 மீட்டர் போனால் சராசரியாக 5 மீட்டர் ஏறுகிறோம். பழகிய காலுக்கு இது பெரிய ஏற்றமில்லை. ஆளைத் தள்ளுவது வளைவின் உள் ஓரம்தான். கொண்டை ஊசி வளைவுக்குள் சரிவு 40-க்கு 1-ஐத் தாண்டக் கூடாது, உள்வளைவின் ஆரம் 14 மீட்டருக்குக் குறையக் கூடாது என்பது சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் மலைச்சாலை விதி. பழைய மலைச்சாலையில் எல்லா வளைவுக்கும் இது அமையாது. உள் ஓரம் செங்குத்தாகவே இருக்கும். இடப்பக்கம் திரும்பும் வளைவில் ஏறும் சைக்கிள்காரர் சரியாக அந்த ஓரத்தில்தான் இருக்கிறார்.

அங்கே நடப்பது இதுதான். பேருந்து, லாரியின் பின்சக்கரம் முன்சக்கரத் தடத்தில் வராமல் வளைவின் உட்புறமாக அறுத்துக்கொண்டு வரும். நாளடைவில் தார் விளிம்பு உடைந்து, தாருக்கும் மண்ணுக்கும் நடுவே நாலு விரல் உயரத்துக்குப் படி விழுந்துவிடும். ஏற்றத்தில் சைக்கிளின் வேகம் மணிக்கு 6, 7 கி.மீ. தான், அந்த வேகத்தில் வண்டி நேராக நிற்காது, ஒரு முழம் இப்படியும் அப்படியும் ஆடும். முன்சக்கரம் படியிலிருந்து மண்ணுக்கு இறங்கிவிட்டால், மறுபடி தாரில் ஏற்றத் திருப்பும்போது டயரின் பக்கவாட்டுப் பகுதி தார் விளிம்பில் உரசி வழுக்கும். ஆள் விழுவது வலப்பக்கம், பின்னால் வரும் வண்டியின் முன். உடைந்த விளிம்பைத் தாரால் ஒட்டுப்போட்டால் மட்டும் போதாது. தாரின் மட்டத்துக்கே கிராவல் கொட்டி, தண்ணீர் தெளித்து, உருளை போட்டு இறுக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த மழையில் விளிம்பு மறுபடி உடையாது.

ஒவ்வொரு மழைக்குப் பிறகும் வளைவின் வாயில் செம்மண்ணும் பொடி ஜல்லியும் வந்து படிகின்றன. நான்கு சக்கர வண்டிகள் ஓடி ஓடி அதை ஓரத்துக்குத் தள்ளுகின்றன. காருக்கு இரண்டு நாளில் சாலை சுத்தமாகிவிடும். சைக்கிள்காரருக்கோ அன்றுதான் ஆபத்து தொடங்குகிறது. இறக்கத்தில் ஜல்லி மேல் முன் பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், தப்ப வழியில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மழை விட்ட மறுநாள் காலையில் சாலைப் பணியாளர் இருவர் நீளத் துடைப்பம், மண்வெட்டி, தள்ளுவண்டியுடன் வளைவுகளை மட்டும் கூட்டிவிட்டால் போதும். கூட்டியதைப் பள்ளத்தாக்குப் பக்கம் தள்ளாமல் அள்ளிப் போக வேண்டும். தடுப்புச் சுவரின் நீர்த்துளைகளை அடைப்பதே அந்த மண்தான்.

இதற்கு மூலம் பக்க வாய்க்கால். மலைப்பக்க வாய்க்காலில் இலையும் கல்லும் அடைத்தால் தண்ணீர் சிறுபாலத்துக்குள் போகாமல் சாலையைக் குறுக்கே கடக்கிறது. மண் கொண்டுவந்து வளைவில் போடுகிறது, மறுபக்கம் இறங்கிச் சாலையின் அடிமண்ணையும் அரிக்கிறது. புலியூத்து சுற்றுப்பகுதியில் மழைக்காலத்தில் மண் சரிவதும் பாறை உருள்வதும் நிர்வாகம் அறிந்ததே. செப்டம்பர் இறுதிக்குள் முந்தலிலிருந்து மேல் நோக்கி வாய்க்கால்களையும் சிறுபால வாய்களையும் தூர்வாரக் கேட்கிறோம். வாய்க்கால் மேல் இரும்புக் கம்பி மூடி போடும் இடங்களில் கம்பிகள் சாலைக்குக் குறுக்காக அமைய வேண்டும். வண்டி போகும் திசையிலேயே கம்பி இருந்தால் 25, 28 மி.மீ. டயர் அந்த இடுக்கில் இறங்கி, ஆள் தலைகுப்புற விழுவார்.

வளைவுக்கு முன் தடித்த வெள்ளைப் பட்டைகளை வரிசையாகப் போடும்போதும் இடது ஓரத்தில் 75 செ.மீ. விட்டுவிடுங்கள். ஈரத்தில் அந்தப் பூச்சு வழுக்கும். போதாக்குறைக்கு, அடுத்தடுத்த அதிர்வில் பிரேக் பிடித்த விரல் நழுவும். கார், லாரியின் வேகத்தைக் குறைக்க மீதிப் பட்டையே போதும்.

ஜீப் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். தொழிலாளர் ஜீப்புகள் விடியற்காலையில் ஏறி, பிற்பகலில் இறங்குகின்றன. வெயிலுக்கு முன் ஏறிவிட வேண்டும் என்று சைக்கிள்காரர்களும் அதே நேரத்தில்தான் கிளம்புகிறார்கள். அந்த ஜீப்புகளைக் குறை சொல்லும் எண்ணம் எங்களுக்கு இல்லை. கூலிக்கு நேரத்துக்குப் போக வேண்டியவர்கள். ஏறும் வண்டிக்கே முன்னுரிமை, வளைவுக்குள் முந்தக் கூடாது, சைக்கிளைத் தாண்ட ஒன்றரை மீட்டர் இடைவெளி என்ற மூன்று வரிகளைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி முந்தலிலும் மெட்டிலும் பலகை வைத்தால் இரு தரப்புக்கும் நல்லது. வளைவில் வைக்கும் குவியாடி பனியிலும் தூசியிலும் மங்கிவிடும். மாதம் ஒருமுறை துடைக்கவும் யாரேனும் பொறுப்பேற்க வேண்டும்.

மெட்டின் மேல், இறக்கம் தொடங்கும் இடத்தில், சைக்கிள்காரர்களுக்குத் தனியாக ஒரு பலகை வேண்டும். பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்கு. பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்காதே. ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறை, வளைவுக்குள் விட்டுவிடு. பிரேக் சூட்டு வாடை வந்தால் பத்து நிமிடம் நின்று ஆற விடு. டிஸ்க் பிரேக் தட்டின் மேல் தண்ணீர் ஊற்றாதே, வளைந்துபோகும். இவை போதும். பலகைக்குப் பக்கத்தில் ஒரு குடிநீர்க் குழாயும் கேட்கிறோம். ஏற்றத்தில் மணிக்கு ஒரு லிட்டர் போல் செலவாகும், இரண்டு பாட்டிலுக்கு மேல் வண்டியில் தாங்காது.

கம்பம்மெட்டு, குமுளி சாலைகளுக்கும் இதே பணிகள் பொருந்தும். கூடுதலாக ஒன்று: சபரிமலைக் காலத்தில் கம்பம்மெட்டு வழியாக ஏறி, குமுளி வழியாக இறங்கும் ஒருவழிப் போக்குவரத்து நடைமுறைக்கு வரும் நாள், நேரத்தை ஒரு வாரம் முன்பே அறிவிக்க வேண்டுகிறோம். லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு இரவில் நடந்து போகும் பக்தர்களுக்கு, கூடலூரிலேயே முதுகுப் பையில் ஒட்ட ஒளிரும் பட்டை கொடுக்கலாம். கறுப்பு வேட்டி கட்டிப் போகிறவர் வளைவில் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

குரங்கணிப் பாதை இதிலிருந்து வேறு. மூணாறு தேயிலையை மலை மேலுள்ள டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கீழே இறக்கிய காலத்துப் பாதை அது. சென்ட்ரல் என்ற மலைக்கிராமம் வழியாக மேலே ஏறுகிறது. மலைக்கிராம மக்களுக்கு அது அன்றாட வழி. அவர்களின் நடமாட்டத்துக்கு எந்தப் புதுக் கட்டுப்பாடும் வரக் கூடாது.

2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலைத்தீயில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆகவே தீக்காலத்தில் வெளியாட்களுக்குப் பாதையைத் திறக்கும்படி நாங்கள் கேட்கவே மாட்டோம். காய்ந்த புல்மேட்டில் தீ கீழிருந்து மேலே ஏறும்போது சரிவு 10 பாகை கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். மேல் நோக்கி ஓடுகிறவரை அது பிடித்துவிடும். தப்பிக்கும் வழி பக்கவாட்டில், பாறைக்கோ ஏற்கெனவே எரிந்து கருகிய தரைக்கோ போவதுதான். நைலான், பாலியெஸ்டர் உடை உருகித் தோலோடு ஒட்டும். பருத்தி உடையே வேண்டும். இதை அனுமதிச் சீட்டிலேயே அச்சிட வேண்டும், வழிகாட்டிகள் கிளம்பும் முன் வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும்.

திறந்திருக்கும் மாதங்களுக்குக் கேட்பவை இவை. ஜனவரிக்குள் பாதையின் இருபுறமும் புல் அறுத்துத் தீத்தடுப்புக் கோடு. மாட்டுத்தடம் பிரியும் ஒவ்வொரு இடத்திலும் பாறையில் மஞ்சள் அம்புக்குறி. வழி தவறுவது பெரும்பாலும் அங்கேதான். போகும் நேரம், திரும்பும் நேரம் இரண்டையும் எழுதும் பதிவேடு. மாலை 5 மணிக்குள் திரும்பாத பெயர் இருந்தால் உடனே தேடப் போக வேண்டும். பத்துப் பேருக்கு முன்னும் பின்னுமாக இரண்டு வழிகாட்டிகள், இருவரும் உள்ளூர் மலைக்கிராமத்தினராக. காட்டுமாடு எந்த ஓடையில் இறங்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

செப்டம்பர் முதல் வாரத்தில் நெடுஞ்சாலைத் துறை, வனத்துறை அலுவலர்களோடு கூட்டாய்வு ஒன்றுக்கு ஆணையிட வேண்டுகிறோம். ஆய்வு ஜீப்பில் மட்டும் நடந்தால் மேலே சொன்ன பாதி கண்ணில் படாது. ஆகவே எங்களில் இருவர் சைக்கிளோடு வருகிறோம். பொறியாளர் ஒருவரும் மெட்டிலிருந்து முந்தல் வரை சைக்கிளில் இறங்கி வர வேண்டும். அவருக்கான வண்டி, தலைக்கவசம், கையுறையை நாங்களே கொண்டு வருகிறோம். 17 வளைவுகளின் படங்கள், ஒவ்வொன்றிலும் விளிம்பு உடைந்த நீள அளவு ஆகியவை இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இடம்: போடிநாயக்கனூர்

இப்படிக்கு,
கையொப்பமிட்டுள்ள சைக்கிள், மலைநடைப் பயணிகள்

நகல்: கோட்டப் பொறியாளர், தேசிய நெடுஞ்சாலைகள், மாவட்ட வன அலுவலர், தேனி.