சந்துக்குள்ள எரியற அடுப்பையும் கொஞ்சம் எழுதுங்க சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம். எண்ணூர் சாம்பல், மணலி கம்பெனி நாத்தம், கொடுங்கையூர் குப்பைமேடு பத்திக்கிட்டு எரியறது, இதெல்லாம் உங்க பேப்பர்ல அப்பப்ப வருது, வரட்டும், போடணும்தான். ஆனா எங்க ஏரியா பொம்பளைங்க தினம் மூஞ்சிக்கு நேரா வாங்கற அடுப்புப் புகைய பத்தி ஒரு வரி கூட காணோமே.

கேஸ்தான் எல்லார் வீட்லயும் வந்துடுச்சேன்னு கேப்பீங்க. வந்துச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா புது வண்ணாரப்பேட்டை, காசிமேடு பக்கம் சந்துல வந்து பாருங்க, சோறு கொழம்பு கேஸ்ல ஆவும், குளிக்க வெந்நீர், வியாபாரத்துக்கு இட்லி அவிக்கறது எல்லாம் வெறகு அடுப்புலதான், 14.2 கிலோ சிலிண்டர வெந்நீருக்கும் சேத்து எரிச்சா மாசக் கடைசிக்கு வராது. வெறகுன்னா நல்ல வெறகு கூட கெடையாது சார். குடோன்ல கழிச்ச பேக்கிங் பெட்டி பலக, ஒடஞ்ச பிளைவுட், பெயிண்ட் அடிச்ச பழைய ஜன்னல். மண்ணெண்ண இல்லன்னா பால் கவர கொளுத்தி உள்ள சொருவறாங்க. அந்த பிளாஸ்டிக், பிளைவுட் பசை எல்லாம் எரிஞ்சி வர்றது வெறும் மரப்புகைய விட மோசம், பழைய பெயிண்ட்ல ஈயம் வேற இருக்கும். வாசல்லதானே எரியுதுன்னு சொல்லாதீங்க, மூணடி சந்துல எது வாசல் எது வீடு, புகை மொத்தமும் உள்ள போய் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு கீழ அடைஞ்சிக்கும், ஷீட்ட தொட்டா கையில தார் மாதிரி ஒட்டுது. மழைக்காலத்துல அடுப்பையே உள்ள தூக்கி வெச்சி கதவ சாத்திக்கறாங்க, அப்ப வர்ற கார்பன் மோனாக்சைடுங்கற விஷவாயுவுக்கு வாசனையும் இல்ல நெறமும் இல்ல.

புகைல இருக்கற பிஎம் 2.5-ங்கற ரொம்ப பொடி தூசு நேரா நுரையீரல் அடி வரைக்கும் போய் ரத்தத்துலயும் கலந்துடும், அதனாலதான் இருமல் வீசிங்கோட நிக்காம ஹார்ட், பக்கவாதம், கண்ணுல புரைன்னு வருது, சின்ன புள்ளைங்களுக்கு நிமோனியா. வீட்டு அடுப்புப் புகையால 2020-ல மட்டும் உலகத்துல 32 லட்சம் பேர் செத்தாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதுல 2,37,000-க்கு மேல 5 வயசு கூட ஆவாத புள்ளைங்க. இங்க ஓபில போனா பீடி சிகரெட் உண்டான்னுதான் கேக்கறாங்க, ஆயா இல்லன்னு தலையாட்டிட்டு மாத்திரை வாங்கிட்டு வந்துடும். எந்த அடுப்புல ஆக்கறன்னு ஒரு கேள்வி சேத்து கேட்டா என்ன?

போரூர் ராமச்சந்திரா மெடிக்கல் காலேஜ்ல கல்பனா பாலகிருஷ்ணன் மேடம் டீம் தமிழ்நாட்டு கிராமத்து அடுப்படி வரைக்கும் போய் புகைய அளந்துருக்காங்க. மெட்ராஸ் சந்துலயும் அந்த மாதிரி அளக்கணும். மணலில காத்துக்கு மீட்டர் வெச்சிருக்காங்க இல்ல, உங்க ரிப்போர்ட்டர் ஒருத்தர் கைல புடிக்கற சின்ன மீட்டரோட விடியக்காலைல இட்லி வேகற நேரத்துல இங்க வரட்டும், டீ நாங்க வாங்கி தரோம். ஒரு கன மீட்டர் காத்துல பிஎம் 2.5 தூசு 24 மணி நேர சராசரில 15 மைக்ரோகிராம தாண்டக்கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, நம்ம அரசாங்கம் 60 வரைக்கும் விடுது. இங்க என்ன காட்டுதுன்னு பாத்துடலாம்.

இன்னொன்னு, வாடகைல இருக்கறவங்க கனெக்ஷன் இல்லாம வாங்கற 5 கிலோ சின்ன சிலிண்டர் இருக்கே, அது கிலோவுக்கு கணக்கு போட்டா பெரிய வீட்டு சிலிண்டர விட ஜாஸ்தி வருது, இல்லாதவன் கிட்டதான் கூட வாங்குவீங்களா? வீட்டு ரேட்டுக்கே குடுத்தா இட்லி சுடற அக்காங்க பாதி பேர் நாளைக்கே வெறக விட்டுடுவாங்க. மீட்டர்ல வர்ற நம்பர மட்டும் நீங்க பேப்பர்ல போடுங்க, அத வெச்சி கவுன்சிலர் கிட்ட நாங்க பேசிக்கறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, புது வண்ணாரப்பேட்டை