வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை: மறந்துபோன கொலைகளை வாசித்த ஓர் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், வட்டத்தின் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கடந்த ஏப்ரலில் பொதுக்குழு கூடியபோது, ஆண்டு முழுக்க ஒரே பொருளை எடுத்து வாசிக்கலாம் என்று முடிவு செய்தோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடந்து, அந்தக் காலத்தில் ஊர் உலகத்தையே உலுக்கி, பிறகு மறந்துபோன கொலை வழக்குகள்தான் அந்தப் பொருள். 'நல்ல விஷயம் எவ்வளவோ இருக்க, இது எதுக்கு?' என்று சிலர் கேட்டார்கள். கேட்டவர்களில் இரண்டு பேர் ஒரு கூட்டம்கூடத் தவறாமல் வந்தார்கள் என்பதை மகிழ்ச்சியோடு பதிவு செய்கிறேன்.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை, வழக்கம்போல் பள்ளிக்கூடத்து மாடி அறையில் கூடினோம். ஐப்பசி மழையில் ஒரு கூட்டம் நடக்கவில்லை. மற்ற பதினொன்றும் நடந்தன. மின்வெட்டு வந்த நாளில் கைப்பேசி வெளிச்சத்தில் வாசித்து முடித்தோம்.

முதல் கூட்டத்தில் நான்தான் பேசினேன். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்தில் 1828-ஆம் ஆண்டு நடந்தது. வில்லியம் பர்க், வில்லியம் ஹேர் என்ற இரண்டு பேர் பத்து மாதத்துக்குள் பதினாறு பேரைக் கொன்று, உடல்களை ராபர்ட் நாக்ஸ் என்ற உடற்கூறு ஆசிரியரிடம் விற்றார்கள். மருத்துவ மாணவர்கள் அறுத்துப் படிக்கச் சட்டப்படி கிடைத்த உடல்கள் மிகக் குறைவு; கேட்டவர்களோ அதிகம். ஹேரின் விடுதியில் தங்கியிருந்த ஒருவர் நோயால் இறந்தபோது, அந்த உடலைக் கொண்டுபோய் 7 பவுண்டு 10 ஷில்லிங்குக்கு விற்றதில் தொடங்கியது இது. அதற்கப்புறம் யாரும் தானாகச் சாகும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. ஹேர் அப்ரூவர் ஆகித் தப்பித்தான். பர்க்கை 1829 ஜனவரி 28 அன்று தூக்கிலிட்டார்கள். அவன் உடலையும் அதே மாதிரி அறுத்தார்கள். அவனுடைய எலும்புக்கூடு இன்றைக்கும் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் உடற்கூறு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 1832-இல் உடற்கூறுச் சட்டம் வந்தது.

இவ்வளவையும் முக்கால் மணி நேரம் பேசி உட்கார்ந்தேன். ஓய்வுபெற்ற செவிலியரான நம் உறுப்பினர் அக்கா எழுந்து, 'செத்துப்போனவங்க யாரு யாருங்க?' என்று கேட்டார். என் குறிப்பில் ஒரு பெயர்கூட இல்லை. பர்க் என்ன செருப்புத் தைத்தான் என்பதுவரை எழுதி வைத்திருந்தேன். செத்த பதினாறு பேரில் ஒருவர் பெயரையும் எழுதவில்லை.

அந்தக் கேள்விதான் இந்த ஆண்டை நடத்தியது என்று சொல்வேன். அடுத்த கூட்டத்துக்குள் தேடிக்கொண்டு வந்தோம். அபிகெயில் சிம்ப்சன், பக்கத்து ஊரிலிருந்து உப்பு விற்க வந்த மூதாட்டி. மேரி பேட்டர்சன். ஜேம்ஸ் வில்சன், பதினெட்டு வயதுப் பையன், காலைத் தாங்கித் தாங்கி நடப்பவன், புத்தி கொஞ்சம் மந்தம். அந்தத் தெருக்களில் அவனைத் தெரியாதவர்கள் கிடையாது. மூக்குப்பொடி டப்பாவும் அதற்கு ஒரு குட்டிக் கரண்டியும் எப்போதும் அவன் பையில் இருக்கும். மேசையில் கிடத்தியபோது மாணவர்கள் அடையாளம் கண்டு, இது ஜேமி ஆயிற்றே என்றார்கள். நாக்ஸ் இல்லை என்று மறுத்துவிட்டார். பதினாறு பேரில் சிலருக்குப் பெயரே கிடைக்கவில்லை. 'ஒரு பாட்டி, அவளுடைய பேரன்' என்று மட்டும்தான் பதிவில் இருக்கிறது.

இன்னொன்றும் அன்று தெரிந்தது. கடைசியாகக் கொல்லப்பட்ட மார்கரெட் டாகர்ட்டியின் உடலை, கட்டிலடி வைக்கோலுக்குள் கண்டுபிடித்தவர்கள் அங்கே தங்கியிருந்த ஏழைத் தம்பதி, கிரே என்று பெயர். வெளியே சொல்லாமல் இருந்தால் வாரம் 10 பவுண்டு கிடைக்கும் என்று அவர்களுக்கு ஆசை காட்டினார்கள். குடியிருக்கச் சொந்தமாக ஓர் அறைகூட இல்லாதவர்கள் அவர்கள். நேரே போலீசுக்குப் போனார்கள். கொலைகாரன் பர்க்கின் பெயர் ஆங்கில மொழியில் வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது. இந்தத் தம்பதியை யாருக்குத் தெரியும்? அன்றைக்கு நம் வட்டத்தில் கைதட்டல் இவர்களுக்குத்தான் விழுந்தது.

அன்றிலிருந்து கூட்டப் பதிவேட்டில் எந்த வழக்கையும் இறந்தவர் பெயரில்தான் எழுதுகிறோம்.

மற்ற எந்த வழக்கையும்விட அதிகமாக, மூன்று கூட்டங்களை, எலோகேஷி எடுத்துக்கொண்டாள். வங்காளத்தில் ஹூக்ளி மாவட்டத்து தாரகேஸ்வரம் பெரிய சிவத்தலம். அதற்குப் பக்கத்துக் கிராமத்தில் பெற்றோரோடு இருந்தவள், வயது பதினாறு. கணவன் நபின் சந்திர பானர்ஜி கல்கத்தாவில் அரசாங்க அச்சகத்தில் வேலை. பிள்ளை வரம் வேண்டி மருந்து கேட்டுக் கோயிலின் மகந்த், அதாவது தலைமைக் குரு, மாதவ் சந்திர கிரியிடம் போனாள். அவர் அவளைக் கெடுத்தார். பெற்றோரும் உடந்தை என்று பேச்சு இருந்தது. நபின் ஊருக்கு வந்தான். ஊர்வாய் சும்மா இருக்குமா, காதில் விழுந்தது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். முதலில் மன்னித்து, அவளைக் கல்கத்தாவுக்குக் கூட்டிப் போகப் பார்த்தான். மகந்த்தின் ஆட்கள் போகவிடவில்லை. 1873 மே 27 அன்று அவள் கழுத்தை அறுத்துக் கொன்றுவிட்டு, தானே போய்ச் சரணடைந்தான்.

கொன்ற ஆயுதத்தை ஆங்கிலத்தில் மீன் வெட்டும் கத்தி என்று எழுதுகிறார்கள். வங்காளிகள் சொல்லும் பெயர் 'பொட்டி'. அதன் படத்தைப் பார்த்ததும் நம் பெண் உறுப்பினர்கள், 'இது அரிவாள்மனைங்க' என்றார்கள். அதேதான். பலகையில் வளைந்த கத்தி நட்டிருக்கும். ஒரு காலால் பலகையை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்து, காயை இரண்டு கையாலும் கத்தியை நோக்கித் தள்ள வேண்டும். எழுபது வயது தாண்டிய ஓர் அம்மா அடுத்த கூட்டத்துக்குத் தன் வீட்டு அரிவாள்மனையைப் பழைய வேட்டியில் சுற்றி எடுத்து வந்தார். நடுப்பகுதி தேய்ந்து தேய்ந்து பிறை மாதிரி மெலிந்திருந்தது; பலகையில் கால் பட்ட இடம் வழவழவென்று இருந்தது. தூக்கிப் பார்த்தோம். வசமாகப் பிடிக்க அதில் ஒரு பிடியே இல்லை. 'இதைத் தூக்கி ஒருத்தி கழுத்துல வைக்கணும்னா, பக்கத்துல அவ சமைச்சுக்கிட்டிருந்த பாத்திரமும் கண்ணுல பட்டிருக்குமே' என்றார் அந்த அம்மா. யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

வழக்கு நடந்த விதம் இதைவிட வேதனை. செஷன்ஸ் கோர்ட்டில் ஜூரிகள், நபினுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று விடுவித்தார்கள். நீதிபதி அதை ஏற்காமல் கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அங்கே ஆயுள் முழுக்க நாடுகடத்தல் தண்டனை. மகந்த்துக்கு மூன்று ஆண்டு கடுங்காவலும் 2,000 ரூபாய் அபராதமும். கூட்டத்தைச் சமாளிக்க கோர்ட்டுக்குள் நுழையக் கட்டணம் வாங்கினார்கள் என்றால் பரபரப்பை ஊகித்துக்கொள்ளலாம். நபினை விடுவிக்கச் சொல்லி சுமார் 10,000 பேர் கையெழுத்துப் போட்டார்கள். 1875-இல் அவனுக்கு மன்னிப்பும் கிடைத்தது.

மகந்த் மேல் போட்ட குற்றம் என்ன தெரியுமா? பிறன்மனை சேர்தல். வக்கீல் குமாஸ்தாவாக நாற்பது ஆண்டு இருந்த நம் உறுப்பினர் ஐயா இதை விளக்கியபோதுதான் பலருக்கும் புரிந்தது. 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் 497-ஆம் பிரிவு. அந்தப் பிரிவின்படி பாதிக்கப்பட்டவர் கணவர்தான். அவர் பொருளை இன்னொருவன் தொட்டதுபோல. எலோகேஷிக்கு என்ன நடந்தது, அவள் சம்மதித்தாளா, மயக்க மருந்து கொடுத்தார்களா என்ற கேள்வி சட்டத்துக்குத் தேவைப்படவில்லை. இந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தீர்ப்பளித்தது 2018-இல்! அவள் இறந்து 145 ஆண்டு கழித்து. கொன்ற கணவனுக்குப் பத்தாயிரம் கையெழுத்து கிடைத்தது. கோர்ட்டிலும் சரி, தெருவிலும் சரி, அவளுக்காகப் பேச யார் வந்தார்கள்?

பெயர் மட்டும் எங்கும் இருந்தது. அவள் கதையில் முப்பதுக்கும் மேற்பட்ட நாடகங்கள் வந்தன. பெயரைப் போட்டுச் சேலை விற்றார்கள், வெற்றிலைப்பெட்டி விற்றார்கள், அந்த மீன் கத்தியையே விற்றார்கள். மகந்த் சிறையில் செக்கு சுற்றிப் பிழிந்த எண்ணெயில் செய்தது என்று சொல்லித் தலைவலி மருந்து விற்றார்கள். செக்கு என்றதும் நமக்குக் கோவைச் சிறையும் வ.உ.சி.யும்தான் நினைவுக்கு வரும். அதே தண்டனையை இந்த ஆளுக்கும் கொடுத்திருக்கிறார்கள் என்று படித்தபோது மனசு ஒப்பவில்லை. கல்கத்தாவின் காளிகாட் கோயிலைச் சுற்றியிருந்த ஓவியர்கள் இந்தக் கதையைக் காட்சி காட்சியாக வரைந்து கோயில் வாசலில் விற்றார்கள். அவற்றில் பல இன்று லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கலர் பிரின்ட் எடுத்து வந்து சுவரில் ஒட்டியிருந்தோம். அவள் மகந்த்துக்கு வெற்றிலை நீட்டும் படத்தின் முன்னால்தான் உறுப்பினர்கள் அதிக நேரம் நின்றார்கள்.

மற்ற வழக்குகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆகஸ்டில் லண்டன் ரயிலில் கொல்லப்பட்ட தாமஸ் பிரிக்ஸ்; 1864 ஜூலை 9, அறுபத்தொன்பது வயது வங்கி அதிகாரி. பெட்டிக்குப் பெட்டி வழி கிடையாது, கத்தினாலும் கேட்காது. கொன்ற ஃபிரான்ஸ் முல்லர் அவசரத்தில் தன் தொப்பியை விட்டுவிட்டு அவர் தொப்பியை எடுத்துப் போய்விட்டான். அவன் நியூயார்க்குக்குப் பாய்மரக் கப்பலில் போக, பின்னால் நீராவிக் கப்பலில் கிளம்பிய போலீசார் முன்னதாகப் போய்த் துறைமுகத்தில் காத்திருந்தார்கள். ரயிலில் பயணிகள் ஆபத்தென்றால் தெரிவிக்க வழி வேண்டும் என்று பிரிட்டனில் 1868-இல் சட்டம் வந்ததற்கு இந்தக் கொலை ஒரு முக்கியக் காரணம். நாம் தினம் பார்க்கிற அபாயச் சங்கிலிக்குப் பின்னால் இப்படி ஒரு கிழவர் இருக்கிறார்.

செப்டம்பரில் பிரான்சிஸ் சாவில் கென்ட். நான்கு வயதுகூட முடியாத குழந்தை. 1860-இல் இங்கிலாந்தில், பெரிய வீடு ஒன்றில், இரவோடு இரவாகப் படுக்கையிலிருந்து தூக்கிப்போய்க் கொன்றார்கள். சலவைக்குப் போட்ட கணக்கில் ஓர் இரவு உடை குறைவதை வைத்து, துப்பறிவாளர் விச்சர் குழந்தையின் அக்காவை, தந்தையின் முதல் மனைவிக்குப் பிறந்த கான்ஸ்டன்ஸைச் சந்தேகித்தார். பெரிய வீட்டுப் பெண்ணைத் தோட்டக்காரன் மகன் குற்றம் சொல்வதா என்று நாடே அவரைத் தூற்றியது. ஐந்தாண்டு கழித்து அவளே ஒப்புக்கொண்டாள். அதற்குள் விச்சர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

டிசம்பர் கூட்டத்தைக் கண்டியிலிருந்து தாயகம் திரும்பிய நம் மூத்த உறுப்பினர் நடத்தினார். கொழும்பு–கண்டி சாலையில் மாவனெல்லைப் பக்கம் உதுவன்கந்த மலை. பணக்காரரிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தவன் என்று பெயரெடுத்த சரதியேல் அந்த மலையில்தான் பதுங்கினான். அவனைப் பிடிக்கப் போனபோது 1864 மார்ச் 21 அன்று சுடப்பட்டு இறந்தவர் சபான் என்ற கான்ஸ்டபிள். இலங்கையில் கடமையின்போது கொல்லப்பட்ட முதல் போலீஸ்காரர். அந்த மே மாதமே சரதியேல் தூக்கிலிடப்பட்டான். அவனுக்குக் கதையும் பாட்டும் ஏராளம். ஆனால் மார்ச் 21-ஐ இலங்கைப் போலீசார் ஆண்டுதோறும் வீரர்கள் தினமாகக் கடைப்பிடிக்கிறார்கள். நாங்கள் வாசித்தவற்றிலேயே, இறந்தவருக்கென ஒரு நாள் ஒதுக்கப்பட்ட வழக்கு இது ஒன்றுதான். அந்த உறுப்பினர் பிப்ரவரியில் காலமானார். அவர் கையால் எழுதிய குறிப்புகளை அவர் வீட்டார் வட்டத்துக்கே கொடுத்துவிட்டார்கள். அவருக்கு நம் அஞ்சலி.

கணக்கைப் பொருளாளர் விரிவாக வைப்பார். உறுப்பினர்கள் 41 பேர். 38 பேர் ஆண்டுச் சந்தா 300 ரூபாய் செலுத்தியதில் 11,400 ரூபாய். பெயர் சொல்ல விரும்பாத ஒருவரின் நன்கொடை 2,000. ஜெராக்ஸ், பிரின்ட் செலவு 4,850; டீ, சுண்டல் 4,200; மின்சாரத்துக்கும் அறையைச் சுத்தம் செய்தவருக்கும் 2,400. போன ஆண்டின் மீதி 3,120-ஐயும் சேர்த்துக் கையிருப்பு 5,070 ரூபாய்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரண்டு விஷயங்கள். இறந்தவர் பெயரில் வழக்கைப் பதிவு செய்யும் வழக்கத்தை வட்டத்தின் விதியாகவே எழுதிக்கொள்ள வேண்டும். பெயர் கிடைக்காதவர்களுக்கு, கிடைத்த அடையாளத்தையாவது எழுத வேண்டும்.

அப்புறம், அடுத்த ஆண்டுக்கு நம் பக்கத்துக் கொலைச்சிந்துகளை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கோரிக்கை. எங்காவது கொலை நடந்தால், சில நாளிலேயே அதைச் சிந்தாகக் கட்டி, மட்டமான தாளில் அச்சடித்து, சந்தையிலும் ரயிலிலும் பாடிப் பாடி விற்ற காலம் ஒன்று இருந்தது. சென்னையின் குஜிலி என்ற சந்தைக் கடைகளில் இவை காலணாவுக்கும் அரையணாவுக்கும் கிடைத்தன. பாடினவர்கள் யாரைப் பாடினார்கள், கொன்றவனையா, செத்தவளையா என்று பார்க்க எனக்கு மிகுந்த ஆவல். ஜனவரியில் ஓர் உறுப்பினர் தன் தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து அட்டையில்லாத ஒரு சிந்தைக் கொண்டுவந்தார்; எட்டுப் பக்கம், நடுவில் இரண்டு இல்லை. படித்தவரை அந்தப் பெண்ணின் ஊர் இருக்கிறது, போட்டிருந்த நகைகளின் பெயர் இருக்கிறது, அவள் பெயர் கிழிந்த பக்கத்தில் போய்விட்டது. அதே சிந்தின் இன்னொரு பிரதி யார் வீட்டுப் பரணிலாவது இருக்கலாம். தேடிப் பாருங்கள். எவ்வளவு கிழிந்திருந்தாலும் அப்படியே கொண்டுவாருங்கள். டேப் ஒட்ட வேண்டாம், லேமினேஷன் செய்ய வேண்டாம், செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்தால் போதும்.

இவ்வறிக்கையை ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.
செயலாளர்