மூன்றாம் பருவச் செய்திகளும் காந்த விளையாட்டுகள் குறித்த ஒரு வேண்டுகோளும்

அன்புடைய பெற்றோர்களுக்கு வணக்கம்.

மூன்றாம் பருவத்தின் பாதியைக் கடந்துவிட்டோம். விளையாட்டு விழா சிறப்பாக நடந்து முடிந்தது. கட்டுரை, பேச்சு, ஓவியப் போட்டிகளில் நம் மாணவர்கள் பரிசு பெற்றுள்ளனர். வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கான மாலை வகுப்பு நல்ல பலன் தந்து வருகிறது. இவற்றுக்குத் துணைநின்ற ஆசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும் என் நன்றி. இனி ஆறாம் வகுப்பில் நடந்துவரும் காந்த விளையாட்டுப் பணி குறித்துத் தங்களிடம் சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன்.

ஆறாம் வகுப்பு அறிவியலில் உள்ள காந்தவியல் பாடத்தை இவ்வாண்டு நம் அறிவியல் ஆசிரியை ஒரு பணியாகவே நடத்துகிறார். ஒவ்வொரு குழுவும் காந்தத்தின் ஏதாவது ஒரு பண்பைக் கொண்டு இயங்கும் விளையாட்டு ஒன்றைத் தானே யோசித்து, தன் கையாலேயே செய்து, நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் விளையாடக் கொடுக்க வேண்டும். அவர்களுக்கு அது புரியாமலோ சரியாக இயங்காமலோ போனால், காரணத்தைக் கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். அதற்கு முன், கையில் கிடைத்த பொருள்களையெல்லாம் காந்தத்தில் ஒட்டிப் பார்த்துப் பட்டியல் எழுதச் சொன்னோம். ஒரு ரூபாய் நாணயம் ஒட்டுகிறது, பத்து ரூபாய் நாணயம் ஒட்டுவதில்லை. அலுமினியச் சட்டி ஒட்டுவதில்லை. எவர்சில்வர் பாத்திரங்களில் சில ஒட்டுகின்றன, சில ஒட்டுவதில்லை. ‘உலோகம் எல்லாம் காந்தத்தில் ஒட்டும்’ என்று உறுதியாகச் சொல்லிவந்த பிள்ளைகள், அந்தப் பட்டியலை எழுதி முடித்தபின் அப்படிச் சொல்வதில்லை.

ஒரு குழு செய்த மீன்பிடி விளையாட்டைப் பற்றி இங்கே விளக்கமாகச் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, தெர்மாகோல் துண்டுகளின்மேல் சீலா, பாறை, சூடை மீன்களின் படங்களை ஒட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு ஜெம் கிளிப்பைச் செருகி மிதக்கவிட்டார்கள். நூலில் கட்டிய காந்தம்தான் தூண்டில். பிடிக்கக் கூடாதென்று சட்டம் தடுத்துள்ள ஆவுளியாவும் (கடற்பசு) கடலாமையும் தூண்டில் நெருங்கினால் விலகி ஓட வேண்டும் என்பது அவர்களே வகுத்த விதி. அதற்காக அவற்றின்மேல் சிறு காந்தங்களை வைத்து, ஒத்த முனைகள் எதிரெதிரே வரும்படி அமைத்தார்கள். தூண்டிலை இறக்கியபோதோ, விலகியோட வேண்டிய ஆவுளியாவே முதலில் வந்து ஒட்டிக்கொண்டது. நூலில் தொங்கும் காந்தம் தன்னிச்சையாகத் திரும்பக் கூடியது என்பதால், ஒத்த முனை தள்ளியவுடன் அது புரண்டு மறுமுனையைக் காட்டிவிடுகிறது என்பதைப் பிள்ளைகள் தாங்களே பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். பிறகு நூலை விட்டுவிட்டு, குச்சியின் நுனியில் காந்தத்தை அசையாதபடி ஒட்டினார்கள். ஆவுளியாவின் மிதவையையும் கவிழாதபடி அகலமாக்கினார்கள். இப்போது அது நழுவி ஓடுகிறது. பிடிபட்ட மீனின் கிளிப்பிலேயே இன்னொரு மீன் தொற்றிக்கொண்டு வந்தபோது, காந்தத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் இரும்பும் காந்தமாகிறது என்பதும் தெரிந்தது. ‘ஒரே வீச்சில் இரண்டு மீன் என்றால் இரட்டை மதிப்பெண்’ என்று புதிய விதியும் பிறந்தது.

இன்னொரு குழு, 2025இல் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தின் தூக்குப் பகுதியைச் செய்கிறது. செங்குத்தாக நிறுத்திய பென்சில்களில் வளையக் காந்தங்களை ஒத்த முனைகள் எதிரெதிரே இருக்கும்படி கோத்து, அட்டைப் பாலத்தை அந்தரத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். அதன்மேல் சுமை கூடக்கூட இடைவெளி எப்படிக் குறைகிறது என்பதை அளந்து எழுதி வருகிறார்கள். பிள்ளைகளின் குறிப்பேடுகளை நான் வாசித்தேன். ‘ஏன் வேலை செய்யவில்லை’ என்ற தலைப்பின் கீழ் அவர்கள் எழுதியிருக்கும் பக்கங்கள்தாம் இந்தப் பருவத்தில் எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தவை.

என் கவலையும் இங்கிருந்தே தொடங்குகிறது. அண்மைக் காலமாக, வீட்டில் செய்து முடிக்கப்பட்ட விளையாட்டுகள் பள்ளிக்கு வரத் தொடங்கியுள்ளன. பிளைவுட்டில் நேர்த்தியாக அறுத்து, வண்ணம் பூசி, பெயரை அச்சிட்டு ஒட்டியவை சில. கடையில் சொல்லிச் செய்யப்பட்டவை சில. இணையத்தில் வாங்கி உறையை மட்டும் பிரித்து அனுப்பப்பட்டவையும் உண்டு. அவை பார்க்க அழகானவை, அதில் ஐயமில்லை. ஆயினும், ‘இந்தக் காந்தத்தைத் திருப்பி வைத்தால் என்ன ஆகும்?’ என்று ஆசிரியை கேட்டபோது, அவற்றைக் கொண்டுவந்த பிள்ளைகள் தலைகுனிந்து நின்றார்கள். பலகைக்கு அடியில் காந்தத்தை நகர்த்தி மேலே படகை ஓட்டும் ஒரு விளையாட்டில் பலகை தடிமனாக இருந்ததால் படகு அசையவே இல்லை. தூரம் சிறிது கூடினாலும் காந்த விசை வெகுவாகக் குறைந்துவிடும் என்பதை ஒவ்வோர் அட்டையாக அடுக்கிப் பார்த்த பிள்ளை அறிந்திருக்கும். செய்து முடித்த பொருளை வாங்கிவந்த பிள்ளைக்கு அதை அறிய வழியே இல்லை.

இதைத் தாங்கள் செய்தது பிள்ளைகள்மீது உள்ள அன்பினால்தான் என்பதை நான் நன்கு அறிவேன். அதிகாலையில் கடலுக்குச் சென்று திரும்பியவர்களும், நாளெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்தவர்களும் இரவில் உட்கார்ந்து அட்டை வெட்டியிருக்கிறீர்கள். மற்றவர்களின் பொருளுக்கு முன்னால் தம் பிள்ளையின் பொருள் மட்டமாகத் தெரிந்துவிடக் கூடாதே என்ற எண்ணமும் இயல்பானதே. பார்வைக்கு அழகாக இருப்பதற்குத்தான் மதிப்பெண் என்ற பேச்சு பெற்றோர் வாட்ஸப் குழுவில் உலவியதாக அறிந்தேன்; அது சரியன்று. பிள்ளை தன் கையால் எழுதிய குறிப்பேட்டையும், நான்காம் வகுப்பினருக்கு அது விளையாட்டை விளக்கும் விதத்தையும் பார்த்தே மதிப்பிடுகிறோம். கோணலாக வெட்டிய அட்டைக்கு மதிப்பெண் குறையாது.

பாடத்தை விட்டுவிட்டு விளையாட்டா என்று கேட்ட பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1963 நவம்பர் 21 அன்று திருவனந்தபுரம் அருகேயுள்ள தும்பாவிலிருந்து இந்திய மண்ணின் முதல் ராக்கெட் ஏவப்பட்டது. காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடையாக நிற்கும் இடங்களை இணைக்கும் புவியின் காந்த நடுக்கோடு அதன் அருகே செல்கிறது என்பதாலேயே அவ்விடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. இராமேசுவரத்தில் பிறந்து, இராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியில் படித்த அப்துல் கலாம் அவர்களும் அன்று அந்தக் குழுவில் இருந்தார். நாமும் அந்தக் கோட்டுக்கு வெகு தொலைவில் இல்லை; காந்தமேற்றிய ஊசியை நடுவில் கட்டித் தொங்கவிட்டால், நம் ஊரில் அது ஏறக்குறைய கிடையாகவே நிற்பதற்கு அதுதான் காரணம். இதைப் பிள்ளைகள் வகுப்பறையிலேயே செய்து பார்க்கிறார்கள். தேர்வில் வரும் வினாக்களுக்கும் இவர்கள் ஆயத்தமாகவே இருக்கிறார்கள்.

இனிச் சொல்வதைக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வாங்கி அனுப்பப்பட்ட விளையாட்டுப் பொருள்கள் சிலவற்றில் பாசிமணி அளவே உள்ள, மிக வலுவான நியோடிமியம் காந்த உருண்டைகள் இருந்தன. அவற்றில் இரண்டை ஒரு குழந்தை விழுங்கிவிட்டால், அவை குடலின் வெவ்வேறு மடிப்புகளில் இருந்தபடியே ஒன்றையொன்று இழுத்து, நடுவில் அகப்படும் குடற்சுவரை நசுக்கி, இரத்த ஓட்டத்தைத் தடுத்து, குடலில் துளை விழச் செய்யும். தொடக்கத்தில் சாதாரண வயிற்றுவலியாகவும் வாந்தியாகவும் மட்டுமே தெரியும் என்பதுதான் இதில் பெரிய ஆபத்து. ஆகவே இத்தகைய உருண்டைகள் இன்று முதல் பள்ளி வளாகத்துக்குள் அனுமதிக்கப்படமாட்டா. கொண்டுவரப்பட்டால் வாங்கி வைத்து, பெற்றோரை நேரில் வரவழைத்து அவர்கள் கையில் மட்டுமே திருப்பித் தருவோம். வெளியில் செய்து வாங்கிய விளையாட்டுகளும் காட்சிக்கு வைக்கப்படமாட்டா. அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே பொருள் கொடுத்து, புதிதாகச் செய்ய நேரம் ஒதுக்குகிறோம். இவ்விரண்டிலும் எவருக்கும் விலக்கு இல்லை. வீட்டில் எந்தக் குழந்தையாவது காந்தத்தை விழுங்கியதாகச் சிறு சந்தேகம் எழுந்தாலும், வாழைப்பழம் கொடுத்துவிட்டுத் தானே வெளியேறும் என்று காத்திராமல், 108ஐ அழைத்தோ நேரிலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

பணிக்குத் தேவையான காந்தங்களைப் பள்ளியே தருகிறது. பழைய ஒலிபெருக்கிகளிலிருந்து எடுத்த கருநிற வளையக் காந்தங்கள் வாயில் போட முடியாத அளவுக்குப் பெரியவை. நம் உப்புக்காற்றிலும் துருப்பிடிக்காதவை. விலை கொடுத்து வாங்கும் நியோடிமியம் காந்தமோ, மேற்பூச்சு சற்றுப் பெயர்ந்தாலே கடற்கரையில் விரைவில் அரித்துப்போகும். மற்றபடி, படகில் காம்பஸ் வைக்கும் பெட்டிக்கு அருகிலும், இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்திய பெரியவர்களின் மார்புக்கு அருகிலும் எந்தக் காந்தத்தையும் கொண்டுசெல்ல வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறோம், தாங்களும் நினைவூட்டுங்கள்.

வீட்டில் தாங்கள் செய்யக்கூடிய உதவி நிறைய இருக்கிறது. கூரான கத்தியால் அட்டை வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டிக் கொடுங்கள். செய்ததைப் பார்த்து, ‘இது ஏன் இப்படி நகர்கிறது?’ என்று கேளுங்கள். விடையைத் தாங்கள் சொல்லாமல், பிள்ளை யோசிக்கும்வரை பொறுத்திருங்கள். வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் ஒரு தந்தை, இரவில் காணொளி அழைப்பில் மகளின் விளையாட்டைப் பார்த்துக் கேள்வி மட்டுமே கேட்டிருக்கிறார். மறுநாள் அந்தக் குழந்தை வகுப்பில் பேசியதைக் கேட்டு ஆசிரியை மகிழ்ந்துபோனார்.

பழுதான ஒலிபெருக்கிகளைச் சேர்த்துவைத்துக் கொடுத்த ரேடியோ கடைக்காரருக்கும், அவற்றைப் பாதுகாப்பாகப் பிரித்துத் தந்த படகு மெக்கானிக்குக்கும், அட்டைப் பெட்டிகளையும் தெர்மாகோல் துண்டுகளையும் அனுப்பிய தாய்மார்களுக்கும், வீட்டில் செய்த பொருளைத் தாமாகவே முன்வந்து திரும்பப் பெற்றுக்கொண்ட பெற்றோர்களுக்கும் என் மனமார்ந்த நன்றி. பருவத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில், பள்ளி வளாகத்தில் இந்த விளையாட்டுகள் அனைத்தையும் வைக்கவிருக்கிறோம். தாங்கள் குடும்பத்துடன் வந்து, பிள்ளைகள் சொல்லும் விதிப்படி உட்கார்ந்து விளையாட வேண்டும் என்று அன்புடன் அழைக்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்