சாவி திரும்பிய சத்தம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. தம்பிக்குத் தேர்வு முடிந்துவிட்டது. மற்றதைப் போனில் பேசிக்கொள்ளலாம்.

போன ஞாயிறு நீ பேசிக்கொண்டிருக்கும்போதே குரலைத் தாழ்த்தினாய். பின்னால் பூட்டில் சாவி திரும்பும் சத்தம் எனக்குக் கேட்டது. நீ மட்டும் இருக்கும் வீடு அது. "அப்புறம் பேசுறேன்பா" என்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு வருவதெல்லாம் ஒரு வரிதான். நல்லா இருக்கேன்பா, வேலை அதிகம்பா. சரி, நான் கேட்கவில்லை.

நீ அந்த வீட்டுக்குக் குடிபோன அன்று, வீட்டு ஓனரோடு ஒப்பந்தம் எழுதியாச்சா என்று கேட்டேன். "நல்ல மனுஷர்பா, வாய்ப்பேச்சே போதும்னுட்டார்" என்றாய். நல்ல மனுஷராகவே இருக்கட்டும். ஆனாலும் வாடகையை வங்கி வழியாக அனுப்பு. எந்த மாதத்து வாடகை என்று குறிப்பில் எழுது. பணம் கையில்தான் வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றால், அங்கேயே ரசீது வாங்கு. தேதி, தொகை, மாதம், கையெழுத்து, இந்த 4-ம் இல்லாமல் படியிறங்காதே. முன்பணம் கொடுத்ததற்கு எதுவும் எழுதி வாங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். இப்போதாவது, "இன்ன தேதியில் உங்களிடம் இவ்வளவு முன்பணம் கொடுத்தேன்" என்று ஒரு செய்தி அனுப்பு. அவர் "ஆமாம்" என்று ஒரு சொல் பதில் போட்டாலும் உன் கையில் ஒரு சாட்சி இருக்கும்.

எழுத்து இல்லையென்றால் உரிமையே இல்லை என்று அவர் சொன்னால் நம்பாதே. சட்டம் இடத்துக்கு இடம் மாறும், ஆனால் பல இடங்களில் வாய்ப்பேச்சில் குடியிருப்பவரும் வாடகைதாரர்தான். நீ அங்கே இருக்கிறாய், மாதாமாதம் வாடகை கொடுக்கிறாய், அவர் வாங்கிக்கொள்கிறார். எழுத்து இல்லாததால் வரும் கஷ்டம் வேறு. என்ன பேசினோம் என்று நிரூபிக்க வேண்டியிருக்கும். அதற்குத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், ரசீது வாங்கு. நேரில் எது பேசினாலும், வீட்டுக்கு வந்ததும் "இன்று நாம் பேசியபடி" என்று தொடங்கி இரண்டு வரி அனுப்பிவை. கோபத்தில் வாடகையை நிறுத்திவிடாதே, உன்னைக் காலி செய்யச் சொல்ல அதுவே அவருக்குக் காரணமாகிவிடும். இப்போது திடீரென்று ஒரு காகிதத்தை நீட்டினால், படிக்காமல் கையெழுத்துப் போடாதே. பழைய தேதி போட்டிருந்தால் போடவே போடாதே. முடிந்தால் அங்கே இலவச சட்ட உதவி தருபவர்கள் யார் என்று விசாரித்து, இப்போதே நம்பரை வாங்கி வைத்துக்கொள்.

விடுதிக் கட்டணத்தில் தவறாகக் கூட்டியிருந்ததை நீயாகவே கண்டுபிடித்து, அலுவலகத்துக்கு நாலு தடவை நடந்து பணத்தைத் திருப்பி வாங்கியவள் நீ. அதை நான் சொல்லாத ஆள் கிடையாது. அந்தப் பெண் தான் வாடகை கொடுக்கும் வீட்டுக்குள்ளேயே குரலைத் தாழ்த்திப் பேசுகிறாள் என்றால் எனக்கு எப்படி இருக்கும்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

வீட்டை மூலைமூலையாகப் படம் எடுத்து வை. குழாய், ஜன்னல், மீட்டர், கழிவறைத் தரை எல்லாம். சுவரில் ஓதம் இருந்தால் அதையும் எடு. காலி செய்யும்போது அதை உன் தலையில் கட்டுவார்கள்.

ஓதம் என்று எழுதியதும் மாடி அக்கா ஞாபகம் வந்துவிட்டது. உனக்கும் வந்திருக்கும்.

அந்தப் பெண் 3 வருடம் இருந்தாள். ஒரு மாதம்கூட வாடகை தள்ளிப்போனதில்லை. காலி செய்தபோது வடக்குச் சுவரைக் காட்டி முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டேன். அந்த ஓதம் அவள் வருவதற்கு முன்பே இருந்தது. தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் கசிந்து வந்தது. மேலே வெள்ளையடித்து மறைத்துத்தான் வாடகைக்கே விட்டேன். "நான் வரும்போதே இருந்துச்சே சார்" என்றாள். "எழுத்து இருக்கா?" என்று கேட்டேன். நீ படிக்கட்டில் உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாய். அப்போது உனக்கு 9 வயது. அன்று ராத்திரி, "சுவர் முன்னாடியே அப்படித்தானேப்பா இருந்துச்சு" என்றாய். பெரியவர்கள் விஷயம் என்று அதட்டிவிட்டேன்.

உனக்குத் தெரியாதது இன்னொன்று இருக்கிறது. என்னிடம் மாடியின் மாற்றுச் சாவி இருந்தது. குழாயைப் பார்க்கப் போகிறேன் என்று, அவள் வேலைக்குப் போன நேரத்தில் இரண்டு மூன்று தடவை திறந்து உள்ளே போயிருக்கிறேன். கேட்டுக்கொண்டு போகவில்லை. நம் வீடுதானே என்ற நினைப்பு. ஒரு நாள் திறந்தால் அவள் உள்ளே இருந்தாள். காய்ச்சலில் படுத்திருந்தாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி உட்கார்ந்தாள். "சொல்லிட்டு வாங்க சார்" என்றுகூடச் சொல்லவில்லை. நான் குழாயைத் திறந்து மூடிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். போன ஞாயிறு சாவிச் சத்தம் கேட்டதும் முதலில் அந்த முகம்தான் வந்தது. உன் முகம் அப்புறம்தான் வந்தது.

அன்று அந்தச் சுவர் விஷயத்தைப் பார்த்ததால்தான் நீ என்னிடம் எதுவும் சொல்லவில்லையோ என்னவோ. ஒரு வீட்டுக்காரரைப் பற்றி இன்னொரு வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது என்று நினைத்திருப்பாய். நான் செய்தது தப்பு, பாப்பா. சித்தியிடமிருந்து அவள் நம்பரை வாங்கி நாலு நாளாகிறது. பிடித்த பணத்தைக் கணக்குப் பார்த்துத் தனியாக எடுத்தும் வைத்துவிட்டேன். கூப்பிடத்தான் இன்னும் வாய் வரவில்லை. இந்த வாரத்துக்குள் கூப்பிட்டுவிடுவேன். அம்மாவுக்கு இன்னும் தெரியாது, அதையும் நானே சொல்கிறேன்.

நீ அந்த ஓனருக்கு ஒரு செய்தி அனுப்பு. "வீட்டுக்கு வருவதாக இருந்தால் முந்தைய நாளே சொல்லுங்கள், நான் இருக்கும்போது வாருங்கள்." அவ்வளவு போதும். மரியாதையாகவே எழுது. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா? இல்லையென்றால் சொல், வருகிற சனிக்கிழமை துளை போடும் மெஷினோடு வந்து மாட்டித் தருகிறேன். நீ பேசச் சொன்னால்தான் அவரிடம் பேசுவேன். பேச வேண்டாம் என்றால் தாழ்ப்பாளை மாட்டிவிட்டுப் பேசாமல் திரும்பிவிடுவேன். வர வேண்டாம் என்றாலும் சரி, அதையாவது ஒரு வரி எழுது.

இந்த மாத ரசீது வாங்கினாயா?

அப்பா