தண்டனைக்கு முன் ஒரு தவணை

மாண்புமிகு நீதி அமைச்சர் அவர்களுக்கும், நீதிச்சேவை ஆணைக்குழுவினருக்கும், மத்தியஸ்த சபைகள் ஆணைக்குழுவினருக்கும்,

வணக்கம்.

சிறைகளில் இடமில்லை என்பதை நாங்கள் எழுதி நீங்கள் அறியவேண்டியதில்லை. தண்டனை பெற்று உள்ளே போகிறவர்களில் பெரும்பகுதியினர் தண்டப்பணம் கட்ட வழியில்லாதவர்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். 2012இல் வெலிக்கடைச் சிறையில் 27 பேரும், 2020இல் மகர சிறையில் 11 பேரும் உயிரிழந்த பிறகு எழுதப்பட்ட அறிக்கைகளும் உங்கள் அலுமாரிகளில்தான் இருக்கின்றன. ஆகவே நேரே விடயத்துக்கு வருகிறோம். நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று: நேரடியாகப் பாதிக்கப்பட்ட ஒருவர் இருக்கும் வழக்கில், எதிரி, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர், குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு, தண்டனை சொல்வதற்கு முன், பாதிக்கப்பட்டவரைக் கேட்பதற்கு வழக்கைத் தள்ளிவைத்து ஒரு தவணை கொடுங்கள்.

சிறைப்பணி செய்யும் கிறிஸ்தவர்களான எங்களை இந்த மடலை எழுத வைத்தது ஒரு வலை. திருகோணமலை மாவட்டத்தின் கரையோரக் கிராமம் ஒன்றில், மீனவர் ஒருவர் தன் வாடியில் காயப்போட்டிருந்த வலைகளை அயல்வீட்டு இளைஞன் குடிவெறியில் கத்தியால் கிழித்தான். பழைய கோபம் ஒன்று. அவன் வெட்டியது சில துண்டுகளைத்தான். பொலிஸார் வழக்குப் பொருளாக எடுத்துப் போனதோ முழுவதையும், மிதப்பும் ஈயமும் கயிறும் சேர்த்து. சொத்துச் சேதம் என்பதால் பிணக்கு முதலில் இணக்க சபைக்கு, அதாவது மத்தியஸ்த சபைக்கு, போனது. இளைஞன் வரவில்லை. இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழோடு நீதிமன்றத்துக்கு வந்தது. அங்கே முதல் தவணையிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டான், தண்டப்பணம் விதிக்கப்பட்டது, கட்ட முடியாமல் உள்ளே போனான்.

நீதிமன்றக் கோவையில் வழக்கு முடிந்துவிட்டது. வலைக்காரரிடம் என்ன முடிந்தது என்று பாருங்கள். எதிரி குற்றத்தை ஒப்புக்கொண்டால் சாட்சி தேவையில்லை. சாட்சி தேவையில்லை என்றால் பாதிக்கப்பட்டவரை எவரும் கூப்பிடுவதில்லை. தன் வழக்கு முடிந்ததை அவர் தேநீர்க் கடையில் கேள்விப்பட்டார். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 17(4)ஆம் பிரிவு, குற்றவாளி நட்டஈடு கட்டவேண்டும் என்று கட்டளையிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. கேட்க ஆளில்லாதபோது அது வெறும் அச்செழுத்து. கட்டியிருந்தாலும் தண்டப்பணம் அரசுக்குத்தான் போயிருக்கும். கிழிந்தது அரசின் வலை அல்லவே. வழக்கு முடியும்போது பொருளை உரியவரிடம் ஒப்படைக்கச் சொல்லலாம், சட்டத்தில் இடமுண்டு. அதையும் யாரோ ஒருவர் விண்ணப்பிக்க வேண்டும். தன்னுடைய வலையைத் தானே திரும்ப எடுக்க அவர் சட்டத்தரணி வைத்து நகர்த்தல் பத்திரம் என்ற விண்ணப்பம் போடவேண்டும். அதுவரை நைலோன் வலை எலிக்கும் ஈரத்துக்கும் இரையாகக் கிடக்கிறது. வெட்டுப்படாத துண்டுகளும் இப்போது கடலுக்கு உதவாது. புதிய வலைக்கு மீன் வாங்கும் முதலாளியிடம் கடன். கடன் தீரும்வரை பிடிக்கும் மீனை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்கவேண்டும்.

உள்ளே இருக்கும் இளைஞன் ஒரு சதமும் உழைக்கவில்லை. அவன் வெளியே வந்ததும் போகப்போவது அதே வளவுக்கு, அதே வேலிக்கு மறுபக்கம்.

அந்த இளைஞனுக்குக் கிழிந்த வலையைப் பொத்திச் சரிசெய்யத் தெரியும். இதைக் கேட்க எந்தப் படிவத்திலும் ஓர் இடம் இல்லை, அமைச்சர் அவர்களே.

இணக்க சபை இருக்கிறதே என்பீர்கள். அதை அமைத்த 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. ஒவ்வொரு தரப்பும் ஒருவரைத் தெரிய, அந்த இருவரும் சேர்ந்து தலைவரைத் தெரியும் அந்த ஏற்பாடு நல்ல ஏற்பாடு. சனி ஞாயிறுகளில் பள்ளிக்கூட வாங்குகளில் சம்பளமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு இந்த நாடு கடன்பட்டிருக்கிறது. ஆனால் வங்கிகளும் குத்தகைக் கம்பனிகளும் அனுப்பும் கடன் பிணக்குகள் ஒரு காலைப்பொழுதை விழுங்கிவிட்டபின், அடிபட்டவருக்கும் அடித்தவருக்கும் கிடைப்பது சில நிமிடங்கள். சம்பவத்துக்குப் பிறகு இருவரும் முதன்முதலாக முகம் பார்ப்பதே அந்த மேசையில்தான். "சரி, ஊருக்குள் சமாதானமாகப் போங்கோ" என்பதோடு முடிகிறது. இந்தச் சட்டம் பிணக்கைத் தீர்க்க எழுதப்பட்டது. ஒருவர் செய்ய, மற்றவர் பட்ட விடயத்தில் இருவரையும் சம பங்காளிகளாக உட்கார வைத்தால் பட்டவருக்கு அது இரண்டாவது அடி.

மறுசீரமைப்பு நீதி என்ற பெயரில் உலகில் நடப்பது வேறு வேலை: குற்றம் செய்தவரும் பாதிக்கப்பட்டவரும் சந்தித்து, நட்டத்தை எப்படிச் சரிசெய்வது என்று பேசி முடிவெடுப்பது. அதன் பெரும்பங்கு, சந்திப்புக்கு முன்னரே முடிந்துவிடுகிறது. ஒருங்கிணைப்பாளர் முதலில் குற்றம் செய்தவரைத் தனியாகக் காண்கிறார். செய்ததை ஒப்புக்கொள்கிறாரா, பொறுப்பெடுக்க ஆயத்தமா? இல்லையென்றால் கோவை அங்கேயே மூடப்பட்டு வழக்கு வழமைப்படி போகும். பாதிக்கப்பட்டவரை முதலில் கண்டு ஆசை காட்டிவிட்டு, பிறகு "அவர் வர மாட்டாராம்" என்று சொல்லக்கூடாது என்பதற்காகத்தான் இந்த ஒழுங்கு. அடுத்து பாதிக்கப்பட்டவரை அவர் விரும்பும் இடத்தில், குறைந்தது இரண்டு தடவை. முதல் தடவை கோபம் மட்டுமே வரும், வரட்டும். இரண்டாம் தடவைதான் என்ன வேண்டும் என்பது வரும். அநேகமாக அது பணமாக இருப்பதில்லை. "ஏன் என்னுடையதை?" என்ற கேள்விக்குப் பதில். யாரைக் கூட்டி வருவார், கதவுக்குக் கிட்ட இருப்பாரா, யார் முதலில் பேசுவது எல்லாம் அவர் தீர்மானம். வேண்டாம் என்று எந்த நேரத்திலும் எழும்பிப் போகலாம். போனால் எந்தக் குறிப்பும் அவருக்கு எதிராக எழுதப்படாது.

எங்கள் மாவட்டத்தில் இன்னொன்றும் பார்க்கவேண்டும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அயலவர்களாக இருக்கும் இடம் இது. இரு மொழியும் தெரிந்த இரண்டு ஒருங்கிணைப்பாளர்கள் வேண்டும். பொலிஸ்காரரையோ உறவினரையோ மொழிபெயர்க்க விட்டால் அவர் தன் அபிப்பிராயத்தையும் சேர்த்தே மொழிபெயர்ப்பார்.

உடன்பாடு எழுதும் இடத்தில்தான் பெரும்பாலும் கெட்டுப்போகிறது. "இனி நல்லபடி நடப்பேன்" என்பது உடன்பாடு ஆகாது. யார், எதை, எவ்வளவு, எந்தத் திகதிக்குள், யார் பார்ப்பது என்ற ஐந்தும் இருக்கவேண்டும். கிழக்குக் கரையில் வாடைக்காற்றுத் தொடங்கினால் சிறுபடகுகள் கரையில்தான். நவம்பரிலும் டிசம்பரிலும் தவணைப் பணம் விழும்படி எழுதினால் அந்த உடன்பாடு எழுதும்போதே உடைந்தது. அந்த மாதங்களில் வலை பொத்திக் கொடுக்கலாம், படகுக்கு வேலை செய்யலாம். மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் யாராவது நேரில் போய்ப் பார்க்கவேண்டும். அதற்கு ஆளில்லை என்று சொல்லாதீர்கள்: 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சமுதாயஞ்சார் சீர்திருத்தத் திணைக்களம் இருக்கிறது, அதன் உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கண்காணிக்கும் கட்டளைக்குள் இதையும் சேர்க்கலாம்.

இது எங்கோ ஓர் ஆலயத்தில் முளைத்த கனவு என்று யாராவது உங்களிடம் சொன்னால், பாதி உண்மை. 1974இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து எல்மைரா என்ற சிற்றூரில் இரண்டு இளைஞர்கள் ஒரே இரவில் 22 இடங்களைச் சேதப்படுத்தினார்கள். மெனனைற் கிறிஸ்தவரான நன்னடத்தை உத்தியோகத்தர் ஒருவர், இவர்களைச் சேதப்பட்ட வீடுகளுக்குக் கூட்டிப்போனால் என்ன என்று நீதிபதியிடம் கேட்டார். நீதிபதி தண்டனையைத் தள்ளிவைத்தார். வீடு வீடாகப் போனார்கள். சில மாதங்களில் நட்டத்தைக் கட்டினார்கள். இன்று நியூசிலாந்தில் குற்றத்தை ஒப்புக்கொண்ட வழக்கில் பாதிக்கப்பட்டவர் இருந்தால், இப்படிப்பட்ட சந்திப்புக்கு வாய்ப்புண்டா என்று விசாரிக்கத் தண்டனைக்கு முன் வழக்கைத் தள்ளிவைப்பது 2014 டிசம்பர் முதல் சட்டம். நாங்கள் கேட்கும் தவணை அதுதான். ஐக்கிய நாடுகளின் பொருளாதார சமூகப் பேரவை இதற்கான அடிப்படைக் கோட்பாடுகளை 2002இலேயே ஏற்றுக்கொண்டது.

கிறிஸ்தவர்கள் தண்டனையை எதிர்ப்பதா என்று எங்கள் சபைகளுக்குள்ளேயே கேட்பார்கள். தனிச்சிறைக் கூண்டைப் பக்தியின் பெயரால் பரப்பியவர்களும் கிறிஸ்தவர்கள்தாம்: 1829இல் பிலடெல்பியாவில் திறந்த சிறை, மனிதன் தனிமையில் மனந்திரும்புவான் என்று குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் நம்பியதன் விளைவு. பலருக்குப் பைத்தியம்தான் பிடித்தது. வேதாகமமோ கள்ளனைப் பூட்டி வைக்கச் சொல்லவில்லை. யாத்திராகமம் 22இல் திருடிய ஆட்டுக்கு நாலு ஆடு, மாட்டுக்கு ஐந்து மாடு, அதுவும் பறிகொடுத்தவனுக்கு. எரிகோவில் வரி வசூலித்த சக்கேயு, ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்கு திருப்பித் தருகிறேன் என்று எழுந்துநின்று சொன்ன பிறகுதான், இந்த வீட்டுக்கு மீட்பு வந்தது என்கிறார் இயேசு. லூக்கா 19இன் வரிசையைப் பாருங்கள்: எட்டாம் வசனம் கணக்கு, ஒன்பதாம் வசனம் மீட்பு.

வரிசையை மாற்றுகிறவர்கள்மீதுதான் எங்களுக்குக் கோபம். ஆலய வளவுக்குள் ஒரு பிள்ளைக்குத் தீங்கு நடந்தால், குடும்பத்தைக் கூப்பிட்டு "மன்னித்துவிடுங்கள்" என்று ஜெபம் பண்ணி அனுப்புவது மறுசீரமைப்பு நீதி இல்லை, மூடிமறைப்பு. பாலியல் வன்முறையும் வீட்டு வன்முறையும் நாங்கள் கேட்கும் இந்தத் தவணைக்குள் வரவே கூடாது.

மேலே இருப்பவர்களும் இதையே செய்கிறார்கள். 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். 2019இல் சந்தேகநபர்கள் 13 பேரும் போதிய சாட்சியம் இல்லையென்று விடுவிக்கப்பட்டார்கள். அதே 2006இல் மூதூரில் 17 உதவிப் பணியாளர்கள். அந்தக் கொலைகளுக்கு இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. ஆனால் மன்னிப்போம், மறப்போம் என்ற உபதேசத்துக்கு மட்டும் குறைவில்லை. யார் செய்தது என்று சொல்ல ஆளில்லாத இடத்தில் யாரை மன்னிப்பது? வலை கிழித்தவனுக்குச் சிறை, இதற்கு மறதி என்று ஒரு நாடு ஒழுங்கு வைத்திருந்தால் அதற்கு நீதி அமைச்சு எதற்கு, ஞாபகமறதிக்கு ஓர் அமைச்சுப் போதுமே.

மன்னிக்கவேண்டும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டோம். தயவுசெய்து இதைக் கவனியுங்கள். சட்டத் திருத்தத்துக்குக் காலம் எடுக்கும் என்பது எங்களுக்கு விளங்குகிறது. தவணை கொடுக்க நீதவானுக்கு இப்போதே அதிகாரம் இருக்கிறது. தேவைப்படுவது ஒரு சுற்றறிக்கையும் ஒரு படிவமும். திருகோணமலை, மூதூர், கந்தளாய் நீதவான் நீதிமன்றங்களில் ஓராண்டு பரீட்சித்துப் பாருங்கள். காயம், அத்துமீறல், சொத்துச் சேதம் ஆகிய மூன்று வகை மட்டும் போதும். பாதிக்கப்பட்டவருக்குத் தவணைத் திகதியை எழுத்தில் அறிவிப்பதும், அவருடைய பொருளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு உடனே திருப்பிக் கொடுப்பதும் அதே படிவத்தில் அடங்கட்டும். பயிற்சிக்கு வரும் தொண்டர்களை எல்லாச் சமயத்தவரிடமிருந்தும் எடுங்கள். எங்கள் சபைகளும் ஆட்களைத் தரும். சந்திப்பை ஆலய மண்டபத்தில் வைக்கச் சொல்லி நாங்கள் கேட்கமாட்டோம். இந்துவோ முஸ்லிமோ பௌத்தரோ சிலுவைக்குக் கீழே உட்கார்ந்து தன் மனதைத் திறக்கமாட்டார், பொது நூலகத்தில் ஓர் அறை போதும். வேதப் புத்தகமும் வராது, துண்டுப்பிரசுரமும் வராது.

ஆகவே மறுபடியும், பணிவோடு: தண்டனைக்கு முன் ஒரு தவணை. தர இயலாது என்றால் ஏன் இயலாது என்பதையாவது எழுதுங்கள். பதில் தமிழிலும் வந்தால் வலைக்காரருக்கும் வாசித்துக் காட்ட வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
திருகோணமலை மாவட்டத்தில் சிறைப்பணியிலும் இணக்கப் பணியிலும் ஈடுபட்டிருக்கும் கிறிஸ்தவர்கள் சிலர்