வாத்தியார் ஐயாவின் குரல்

இரங்கூன்

அன்புள்ள முத்தையாவுக்கு,

ஒன்பது மாதமாக உனக்கு ஒரு வரிகூட எழுதாதது என் குற்றம். வீட்டில் அனைவரும் நலம். அக்காவின் முழங்கால் வலி மட்டும் குறையவில்லை. மோல்மேனில் மழை எப்படி என்று எழுது.

நேற்றிரவு வாத்தியார் ஐயாவைப் பார்த்தேன். 2005இல் கோயில் மண்டபத்தில் நடந்த இரவுப் பள்ளி ஆண்டுவிழாவைப் படம்பிடித்தோமே, அது பழைய வட்டு ஒன்றில் ஆர்எம்விபி என்னும் காணொளிக் கோப்பாக அகப்பட்டது. தம்பி என் கணினியில் லினக்ஸ் மின்ட் என்னும் இயங்குதளத்தை நிறுவியிருப்பதால் ஓடாது என்றே நினைத்தேன். விஎல்சி என்னும் படம் ஓட்டும் மென்பொருளில் திறந்ததும் ஓடியது. உன் மூத்தவள் ஆத்திசூடி சொல்லி வந்து ‘ஙப்போல் வளை’யில் திகைத்து நிற்கிறாள், ஐயா ஓரத்தில் நின்று ஓசையின்றி உதட்டை அசைத்து எடுத்துக்கொடுக்கிறார். பின்வரிசையில் நீ; கையில் அந்தக் குடை!

அந்தக் கோப்பில் இருப்பது ரியல்வீடியோ என்னும் பட வடிவம். அதன் உள்ளமைப்பை உரிமையாளர்கள் வெளியிட்டதில்லை. முன்பெல்லாம் லினக்ஸில் எம்பிளேயர் என்னும் மென்பொருள் இத்தகைய படங்களை ஓட்ட, அவர்களுடைய மூடிய நிரல் கோப்புகளையே இரவல் வாங்க வேண்டியிருந்தது. ஃபப்ரீஸ் பெலார் 2000இல் தொடங்கிய, படம், ஒலிக் கோப்புகளைப் படிக்கும் நிரல்களை எழுதும் எஃப்எஃப்எம்பெக் திட்டத்தில் சேர்ந்தவர்கள், அந்த நிரல் செய்வதைத் துருவி ஆராய்ந்து, எந்த பிட் எதைக் குறிக்கிறது என்று கண்டறிந்து, அதே வேலையைச் செய்யும் நிரலைத் தாங்களே எழுதி எல்லோருக்கும் திறந்துவைத்தார்கள். விஎல்சியின் உள்ளே பெரும்பாலான வடிவங்களைப் பிரித்துக் காட்டுவது அவர்களுடைய லிப்ஏவிகோடெக் என்னும் நிரல்தொகுப்புதான். முகமறியாத அவர்களை நினைத்து நேற்று வெகுநேரம் தூக்கம் வரவில்லை. மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, தரம் குறையாமல் சுருக்கும் எஃப்எஃப்வி1 வடிவில், மட்ரோஸ்கா என்னும் கோப்புவகையில் பிரதி ஒன்றும் எடுத்துவிட்டேன். கோப்பு பல மடங்கு பெருத்துவிட்டது. ஆனால் படத்தில் ஒரு புள்ளியும் குறையாது, அந்த வடிவத்தின் விவரமும் 2021 முதல் ஆர்எஃப்சி 9043 என்னும் பொது ஆவணமாக யாரும் படிக்கும்படி கிடைக்கிறது.

ஆனால் அதே வட்டில் இருந்த ஐயாவின் தேவாரப் பதிவுகள் பதினொன்றும் திறக்கவில்லை. அவை டபிள்யூஎம்ஏ என்னும் மைக்ரோசாஃப்டின் ஒலிக் கோப்புகள். அந்த வடிவத்தையும் எஃப்எஃப்எம்பெக் நன்றாகவே படிக்கும். தடை வடிவத்தில் இல்லை. நாம் குறுந்தகட்டிலிருந்து கணினிக்கு ஏற்றியபோது, நகல் பாதுகாப்பு என்ற கட்டத்தில் குறி இருந்ததைக் கவனிக்கவில்லை. மென்பொருள் ஒவ்வொரு பாட்டையும் மறைகுறியாக்கிப் பூட்டிவிட்டது. அறியாத வடிவத்தை ஆராய்ந்து அறியலாம்; சாவி இல்லாத பூட்டை அப்படித் திறக்க முடியாது. நாமே பாடவைத்து, நாமே பதிந்த குரல் நமக்கே கேட்காமல் கிடக்கிறது, முத்தையா. குறுந்தகடோ மழையீரத்தில் பூசணம் பிடித்துப் பாழாகிவிட்டது.

அந்தச் சாவி, பாட்டை ஏற்றிய கணினியில்தான் இருக்கும். அந்தக் கணினியை உன் கடைசிப் பையனுக்குக் கொடுத்தோம் அல்லவா? பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடாதே. யார் சொன்னாலும் விண்டோஸை அழித்துப் புதிதாக நிறுவாதே. கோப்புகளைப் பென்டிரைவில் அனுப்புகிறேன். அந்தக் கணினியில் பாட்டு ஓடினால், காதொலிப்பான் செருகும் துளையிலிருந்து கம்பி இழுத்து மற்றொரு கணினியில் ஃபிளாக் என்னும் பூட்டில்லாத ஒலி வடிவில் பதிந்துகொள்ளலாம். பெட்டி இன்னும் இருக்கிறதா என்பதை மட்டுமாவது உடனே எழுது.

அன்புடன்,
சண்முகம்